பிள்ளையின் பயத்தைத் திட்டாதீர்கள், பழகாத கையைப் பாருங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். தாதியர் கல்லூரியில் பிள்ளை படிக்கிற வீட்டுக்காரர் பொறுமையாக வாசியுங்கள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளை உள்ளவர்களும் வாசியுங்கள். கடைசியில் உங்களுக்கும் எங்கள் ஆசிரியர் சமூகத்துக்கும்தான் கூடச் சொல்ல இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. "செயன்முறைச் சோதினைக்கே கை நடுங்குது எண்டால், இவள் நாளைக்கு என்னெண்டு ஆளுக்கு ஊசி போடப்போறாள்?" கொடிகாமம் சந்தையில் மரக்கறி வாங்கும்போதும் சொல்கிறார்கள், கலியாண வீட்டுப் பந்தியிலும் சொல்கிறார்கள். சொல்பவருக்கு அது பகிடி. கேட்டுக்கொண்டு நிற்கிற பிள்ளை அன்றிரவு நித்திரை கொள்வதில்லை. இந்தப் பேச்சு பிழையானது. பிழை என்பதோடு நிற்கவில்லை, கெடுதலும் செய்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இந்தப் பரீட்சை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம். சிலது வாட்டிலேயே, நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நடக்கும். இன்னொன்றைப் பிள்ளைகள் "ஒஸ்கி" என்று சொல்வார்கள். வரிசையாக நிலையங்கள் இருக்கும். ஒன்றில் பிறசர் பார்க்க வேண்டும், ஒன்றில் காயத்துக்கு மருந்து கட்ட வேண்டும், ஒன்றில் நெஞ்சை அமுக்கி உயிர் காக்கும் முதலுதவி. ஒவ்வொன்றுக்கும் அளந்த நிமிடங்கள். மணி அடித்தால் அடுத்த நிலையத்துக்குப் போய்விட வேண்டும். பக்கத்தில் ஒருவர் புள்ளித்தாளோடு பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். எழுத்துப் பரீட்சையில் ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் பிறகு திரும்பி வரலாம். இங்கே திரும்பி வர முடியாது. ஒருவர் பார்க்கப் பார்க்கச் செய்ய வேண்டும். பயம் வராவிட்டால்தான் அதிசயம்.

அந்த நேரத்தில் உடம்பில் அட்ரினலின் கூடுகிறது. நெஞ்சு அடிக்கிறது, வாய் காய்கிறது, விரல் நடுங்குகிறது. இருபது வருடம் வாட்டில் நின்ற தாதிக்கும் புதிதாக ஒருவர் பக்கத்தில் நின்று புள்ளி போட்டால் இதுதான் நடக்கும். இதை வைத்து ஒரு பிள்ளை தாதித் தொழிலுக்கு லாயக்கா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது, ஓடி வந்தவனின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு "இவனுக்கு இருதய வருத்தம்" என்று சொல்வது போன்றது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒஸ்கி பிள்ளையை மடக்குவதற்காக வந்ததல்ல. ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் என்ற மருத்துவக் கல்வியாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1975இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதி அறிமுகப்படுத்திய முறை அது. அதற்கு முந்திய பழைய முறையில் எல்லாம் அதிர்ஷ்டம்தான். ஒருவருக்கு இலகுவான நோயாளி கிடைப்பார், இன்னொருவருக்குச் சிக்கலான நோயாளி. ஒருவருக்கு நல்ல மனதோடு இருக்கிற பரீட்சகர், இன்னொருவருக்குக் காலையிலேயே கோபத்தோடு வந்தவர். அந்த அநியாயத்தைக் குறைக்கத்தான் எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே நேரம், ஒரே புள்ளித்தாள் என்று ஆக்கினார்கள். ஒரு நிலையத்தில் தவறினாலும் அடுத்ததில் வேறு பரீட்சகர், வேறு தாள். அங்கே கணக்குப் புதிதாகத் தொடங்குகிறது. இதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். "மூண்டாவதில பிழை விட்டிட்டன்" என்ற நினைப்போடு நாலாவதுக்குள் போகிற பிள்ளைதான் ஐந்தாவதையும் கெடுத்துக்கொள்கிறது.

புள்ளித்தாளில் என்ன இருக்கும்? தன் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்தினாளா, நோயாளியின் பெயரைக் கேட்டுச் சரிபார்த்தாளா, என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லிச் சம்மதம் கேட்டாளா, கை கழுவினாளா. இவையெல்லாம் நடுங்குகிற கையாலும் எடுக்கக்கூடிய புள்ளிகள். பதற்றத்தில் முதலில் மறந்துபோவதும் இவைதான். உலக சுகாதார நிறுவனம் சொல்கிறபடி சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கை கழுவ 40 தொடக்கம் 60 விநாடி வேண்டும். அந்த நேரத்தில் மூச்சை ஆறுதலாக, நீளமாக வெளியே விட்டால் நெஞ்சடிப்புத் தணியும். கை கழுவுகிற நேரத்தை வீண் நேரம் என்று நினைத்து அவசரப்படுகிற பிள்ளை, கையில் கிடைத்த ஆறுதலைத் தண்ணீரோடு ஊற்றிவிடுகிறது.

இனி "பயப்படாதே" என்ற அறிவுரைக்கு வருவோம். அதைச் சொல்லிச் சொல்லியே நாங்கள் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். தேங்காய்க்குப் பேர்போன ஊர் எங்களுடையது. அலவாங்கில் தேங்காய் உரிக்கப் பழகினவர்களைக் கேளுங்கள். முதல் நாள் அந்தக் கூரைப் பார்க்கவே பயம். "பயப்படாதே" என்று பக்கத்தில் நின்று நூறு தரம் சொன்னாலும் ஒரு தேங்காயும் உரிபடாது. நாலு நாள் உரித்தால் பயம் தன்பாட்டில் போய்விடும். பிறகு ஊர்க்கதை கதைத்துக்கொண்டே உரிப்பார்கள். பதற்றம் வந்தால் தலையில் உள்ளது மறக்கும், கையில் பழகினது நிற்கும். ஆகவே பயத்துக்கு மருந்து பழக்கம். பழகுவதற்கு இடமும் நேரமும் ஆளும் வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள்.

கொடுக்கிறோமா? வீட்டுக்கு வந்த பிள்ளை கொப்பியை விரித்துப் படித்தால் எங்களுக்குத் திருப்தி. தலையணையில் கட்டுப் போட்டுப் பார்த்தால் "விளையாடாமல் படி" என்கிறோம். விளையாட்டுப் போலத் தெரிகிற அதுதான் அவளுடைய படிப்பு. கொப்பியில் உள்ளது எழுத்துப் பரீட்சைக்கு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லி வளர்ந்த சனம் நாங்கள். பிள்ளைக்கு மட்டும் ஏட்டைக் கொடுத்துவிட்டுக் கறி எங்கே என்று கேட்கிறோம்.

வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். காசு தேவையில்லை.

உங்கள் கையைக் கொடுங்கள். உம்மாவோ அம்மாவோ, வாப்பாவோ அப்பாவோ, கதிரையில் நோயாளியாக இருங்கள். பிள்ளை வாசலால் வந்து, பெயர் சொல்லி, சம்மதம் கேட்டு, நாடி பிடித்து, சுவாசம் எண்ணி, எழுதி வைத்துவிட்டுப் போகட்டும். ஒவ்வொரு படியையும் வாயால் சொல்லிச் சொல்லிச் செய்யட்டும். வாயும் கையும் சேர்ந்து பழகினால் ஒன்று தடக்குப்படும்போது மற்றது இழுத்துக்கொண்டு போகும்.

தம்பியிடம் புள்ளித்தாளைக் கொடுங்கள். கைபேசியில் நேரத்தை வைத்து, முகத்தில் சிரிப்பில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். தெரிந்த முகத்துக்கு முன்னால் பத்துத் தரம் வேர்த்த பிள்ளைக்குத் தெரியாத முகத்துக்கு முன்னால் வேர்வை குறையும்.

பரீட்சைத் திகதியை வெளிநாட்டுச் சொந்தத்துக்கெல்லாம் அறிவிக்காதீர்கள். காலை ஆறு மணிக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் "நல்லாச் செய் பிள்ளை, உன்னைத்தான் நம்பியிருக்கிறம்" என்று வருகிற அழைப்பு அன்பில் வருவதுதான். ஆனால் அது பிள்ளையின் தலையில் இன்னொரு மூட்டை. முதல் நாளிரவு கண்விழிக்க விடாதீர்கள். காலையில் வெறுவயிற்றோடு அனுப்பாதீர்கள். துஆவும் கேளுங்கள், கோயிலிலும் கும்பிடுங்கள். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் இறைவனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். கட்டுகிற வேலை எங்களுடையது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பிள்ளை நாட்கணக்கில் சாப்பிடாமல், நித்திரை கொள்ளாமல், "நான் இருந்து என்ன" என்ற மாதிரிக் கதைத்தால் அதைப் பரீட்சைப் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். 1926 என்பது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். அழைக்கலாம். வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"உயிரோடு சம்பந்தப்பட்ட தொழில். கடுமையாகத்தான் இருக்க வேண்டும். நாலு பேச்சுக் கேட்டால்தான் பிள்ளை திருந்தும்" என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு என் பதில் இது. தரத்தில் கடுமை வேண்டும், ஒரு புள்ளியும் சும்மா போடக் கூடாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் தரத்தில் கடுமையாக இருப்பது வேறு, வாயால் கடிப்பது வேறு. திட்டு வாங்கின பிள்ளை முதலில் பழகுவது ஒளிக்கத்தான். கிருமி நீக்கிய கையுறை போட்டபின் விரல் கட்டிலின் ஓரத்தில் பட்டுவிட்டது என்று வையுங்கள். நல்ல தாதி என்ன செய்ய வேண்டும்? "பட்டுவிட்டது, மாற்றுகிறேன்" என்று சொல்லிக் கழற்றி, கை சுத்தம் செய்து, புதிதாகப் போட வேண்டும். பயத்திலேயே வளர்த்த பிள்ளை என்ன செய்யும்? பரீட்சகர் கண்டாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தொடர்ந்து செய்யும். அந்தப் பழக்கம் வாட்டுக்கு வந்தால், இரவு இரண்டு மணிக்கு ஒரு இன்சுலின் அளவு பிழைத்தால், அதைச் சொல்லாமல் விட்டால், கட்டிலில் இருப்பது யார்? சாவகச்சேரி வைத்தியசாலைக்கு நாங்கள்தான் போகிறோம். பிழையை உடனே சொல்லித் திருத்துகிற தாதி எங்களுக்கு வேண்டுமென்றால், பிழையைச் சொன்ன பிள்ளையை அடிக்கிற வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் நாங்கள் வைத்திருக்க முடியாது.

இப்போது எங்கள் ஆசிரியர் சமூகத்துக்கு வருகிறேன். தாதியர் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து வருகிறவர்கள். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் முதல் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினா. இரண்டாவதில் எழுத்து. பரிசோதனையைப் பற்றிக் கேள்வி வரும், ஆனால் அதற்கும் பேனையால்தான் பதில். சாதாரண தரத்தில் நடனமும் சங்கீதமும் எடுத்த பிள்ளைக்குச் செயன்முறைப் பரீட்சை இருக்கிறது. நுணுக்குக்காட்டியைக் கையால் தொடாமலே ஒரு பிள்ளை உயிரியலில் ஏ எடுக்கலாம். பரீட்சையில் இல்லாததற்கு ஏன் நேரம் என்று ஆய்வுகூடக் கதவு பூட்டிக் கிடக்கிறது, ரியூசன் கொட்டிலில் கடந்தகால வினாத்தாள் ஓடுகிறது. பதின்மூன்று வருடம் ஒருவர் பார்க்க ஒன்றையும் செய்து காட்டாமல் வளர்ந்த பிள்ளையை, வாழ்க்கையில் முதல் தரமாக ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி "செய்" என்கிறோம். நடுங்கினால் பிள்ளையில் குறை சொல்கிறோம்.

இந்த மண்ணுக்கு இது புதிய பாடமுமல்ல. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் எங்கள் பிள்ளைகளை வைத்தியராகப் பயிற்றினார், தமிழிலேயே நூல்களையும் ஆக்கினார். விளங்குகிற மொழியில் படித்து, நோயாளிக்குப் பக்கத்தில் நின்று பழகினால் இந்த ஊர்ப் பிள்ளைக்கு எந்த வைத்திய வேலையும் வரும் என்று அப்போதே கண்டாயிற்று.

"எப்படியோ பாஸ் பண்ணிக்கொண்டு வெளிநாடு போனால் சரி" என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு செய்தி. பிரித்தானியாவில் தாதியாகப் பதிவு செய்யப் போகிற வெளிநாட்டவருக்கும் இதே ஒஸ்கிதான் வைக்கிறார்கள். 2021இலிருந்து அதில் பத்து நிலையங்கள். இங்கே ஒளித்த பயம் விமானம் ஏறிக் கூடவே வரும். அங்கே கட்டணமும் கட்டித்தான் நடுங்க வேண்டும்.

ஆகவே மூன்று வேண்டுகோள். பாடசாலைகள் வாரத்தில் ஒரு நாளாவது ஆய்வுகூடத்தைத் திறந்து, ஒவ்வொரு பிள்ளையும் மற்றவர்கள் முன்னால் ஒன்றைச் செய்து காட்ட விடுங்கள், பிழைத்தால் சிரிக்க விடாதீர்கள். தென்மராட்சியில் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற தாதிய அம்மாமார், அக்காமார், உங்கள் ஊர்ப் பிள்ளைகளை மாதத்தில் ஒரு பின்னேரம் கூப்பிட்டுப் பழக்கிவிடுங்கள். பள்ளிவாசல் மண்டபமோ சனசமூக நிலையமோ அதற்குப் போதும். பெற்றோரே, இன்றிரவு பிள்ளை பிறசர் பார்க்கும் கருவியோடு வந்து நின்றால், "எனக்கு வேலை கிடக்கு" என்று சொல்லாமல் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கதிரையில் இருங்கள்.