பிடி அரிசியும் கட்டுப்பாடும்

விருதுநகரில் 1889-இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கியவர்கள் நாடார் உறவின்முறையார். பெரிய கோயில்களுக்குள் அந்தச் சமூகத்தை விடாத காலம் அது. அவர்கள் சர்க்காரை எதிர்பார்த்து உட்காரவில்லை. வியாபாரிகள் மகமை கொடுத்தார்கள். வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். காமராஜர் அந்தப் பள்ளியில் படித்தவர்தான்.

அதே உறவின்முறைதான் கட்டுப்பாட்டை மீறியவர்களுக்கு அபராதம் போட்டது, ஒதுக்கியும் வைத்தது.

இது ஒரு சமூகத்தின் கதை மட்டுமல்ல. இன்று எங்கள் பழங்காநத்தத்திலும் எல்லாச் சாதியிலும் பார்க்கிறோம். சங்கத்தார் பிள்ளையின் படிப்புக்கு உதவுகிறார்கள். சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்கிறார்கள். அந்தப் பிள்ளை வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டால், தகப்பனை நிறுத்திக் கேள்வி கேட்பவர்களும் அவர்களே. உதவி வாங்கிய மனுஷன் வாயைத் திறக்க முடிவதில்லை.

காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. இலையில் உட்கார்ந்த ஏழைப் பிள்ளைகளிடம் யாரும் சாதி கேட்கவில்லை. பின்னால் வந்து உரிமை கொண்டாடவும் இல்லை.

சங்கத்துப் பெரியவர்களுக்குச் சொல்வது இதுதான். படிப்புக்குக் கொடுங்கள், சந்தோஷம். அதைச் சொல்லிக் கல்யாணத்தில் தலையிடாதீர்கள்.