பூக்குமுன் பிடுங்குங்கள்!

சூளகிரிக் கொத்தமல்லி பல ஊர்ச் சந்தைகளுக்குப் போகிறது. அந்தத் தோட்டங்களின் வரப்பிலும் வேலியோரத்திலும் இன்னொரு செடி தலைகாட்டுகிறது. சின்னஞ்சிறு வெள்ளைப் பூ. பார்க்க அழகு, குணமோ பொல்லாதது. அதுதான் பார்த்தீனியம்!

அமெரிக்கக் கண்டத்துச் செடி இது. 1950-களில் புனே நகரில் தென்பட்டது. பிறகு நாடெங்கும் பரவிவிட்டது. தொட்டால் பலருக்குத் தோல் அரிக்கும். மகரந்தம் மூக்கில் ஏறினால் சிலருக்கு மூச்சு இரைக்கும். ஒரே செடி பல ஆயிரம் விதைகளைச் சிந்தும்.

"மருந்து அடித்தால் தீர்ந்தது" என்பார்கள் சிலர். எல்லாப் பச்சையையும் கொல்லும் மருந்து, கொத்தமல்லியை மட்டும் விட்டுவைக்குமா? பிள்ளைகள் சாப்பிடும் கீரைப் பாத்தியில் விஷம் எதற்கு?

இதன் இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டுகளை 1984-ல் பெங்களூரில் விட்டார்கள். நல்ல துணைதான். ஆனால் மழைக்காலத்தில்தான் அவை மும்முரமாகத் தின்னும்; கோடையில் மண்ணுக்குள் பதுங்கிவிடும்.

ஆகவே, கைதான் நல்ல ஆயுதம். மண் ஈரமாக இருக்கும்போது, பூக்குமுன், கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். பூக்காத செடியைக் குழியில் போட்டு மக்கவிட்டால் எருவாகும். பிடுங்கிய இடத்தில் வைக்கோல் பரப்பினால் புது முளை குறையும்.

ஒரு வீட்டார் பிடுங்கி, அடுத்த வீட்டார் சும்மா இருந்தால் பயன் இல்லை. விதைக்கு வேலி தெரியாது. மழை பெய்த மறுநாள் தெருவே சேர்ந்து இறங்கட்டும். இன்று ஒரு மணி நேரம் குனியச் சோம்பினால், ஆண்டெல்லாம் அரிப்புதான்!