எந்த இராகம்? ஏன்?

இராமநவமிக் காலத்தில் பெங்களூருச் சாமராஜப்பேட்டையில் உள்ள கோட்டை உயர்நிலைப் பள்ளித் திடலில் பெரும்பந்தல் ஒன்று எழும். 1939ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஸ்ரீ ராமசேவா மண்டலியின் இசைவிழாவுக்கு உரிய பந்தல் அது. மாலையில் பாடகர் மேடையில் வந்து அமர்வார். தம்புரா சுருதி கூட்டும். இராகத்தின் பெயரைக் கூறாமலே அவர் ஆலாபனையைத் தொடங்குவார். அந்நொடியே பந்தலில் மெல்லிய சலசலப்பு ஒன்று பிறக்கும். "மோகனமா?" என்று ஒருவர் தமிழில் வினவுவார். "அல்ல, பிலஹரி" என்று அருகிலிருப்பவர் கன்னடத்தில் விடை கூறுவார். 'அல்ல' என்னும் சொல் இரு மொழிகளுக்கும் பொதுவாதலால், மொழிபெயர்ப்பார் எவரும் அங்கே வேண்டப்படுவதில்லை.

இசை அரங்குகளில் நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் இவ்விளையாட்டு, இன்று கைப்பேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. பத்து நொடி ஒலிக்கும் இசைத்துணுக்கு ஒன்றை ஒருவர் அனுப்புவார், "இது எந்த இராகம்?" என்று கேட்பார். முதலில் விடை அனுப்புபவரே வென்றவர். பள்ளி விழாக்களிலும் இப்போட்டி நடைபெறுவது உண்டு. இவ்விளையாட்டு நன்று; எனினும், விரைவுக்குப் பரிசளிக்கும் முறை நன்றன்று என்பதே என் கருத்து. பெயரை முதலில் கூறியவரைவிடக் காரணத்தைத் தெளிவாகக் கூறியவரையே நாம் பாராட்டுதல் வேண்டும். அதற்குரிய காரணங்களை இனிக் காண்போம்.

ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று

சுரங்கள் ஏறும் வரிசையை ஆரோகணம் என்றும், இறங்கும் வரிசையை அவரோகணம் என்றும் கூறுவர். மோகனத்தின் ஆரோகணம் ச, ரி, க, ப, த என்னும் ஐந்து சுரங்களைக் கொண்டு மேல் ச-வை அடையும். பிலஹரியின் ஆரோகணமும் அதே ஐந்து சுரங்களால் ஆனது. இறங்கும்போதுதான் இரண்டும் பிரிகின்றன. மோகனம் அதே ஐந்து சுரங்களோடு இறங்கும். பிலஹரியோ நி, ம ஆகிய இரண்டையும் சேர்த்துக்கொண்டு ஏழு சுரங்களோடு இறங்கும்.

எனவே, ஏறும் பகுதி மட்டும் ஒலித்த அளவிலேயே "மோகனம்!" என்று முழங்கும் மாணவர், பெரும்பாலும் தம் நற்பேற்றை நம்பியே முழங்குகிறார். இசை இறங்கி வரும்வரை பொறுத்திருந்து, "ம ஒலித்தது, நி-யும் ஒலித்தது, ஆதலால் இது மோகனம் அன்று" என்று கூறுபவரோ செவியை நம்புகிறார். முன்னவர் விடை சரியாக அமைந்துவிட்டாலும், பின்னவர் பெற்ற அறிவு அவரிடம் இல்லை. விரைவை மட்டும் அளக்கும் போட்டியில் இவ்வேறுபாடு புலப்படுவதே இல்லை.

எழுத்து ஒன்று, பேச்சு வேறு

சுரவரிசையை மனப்பாடம் செய்துவிட்டால் போதும் என்று எண்ணுதலும் பொருந்தாது. ஆரபி, தேவகாந்தாரி ஆகிய இரண்டு இராகங்களுக்கும் ஆரோகண அவரோகணங்கள் ஒன்றே. ஆயினும், கேட்டுப் பழகிய செவி அவற்றை எளிதில் பிரித்தறியும். ஆரபி விறுவிறுப்பாக நடைபோடும். தேவகாந்தாரி சுரங்களை நீட்டியும் அசைத்தும் நிதானமாகச் செல்லும். இவ்வாறு சுரங்களை அசைத்தும் இழைத்தும் பாடும் முறையைக் கமகம் என்பர்.

இதனைப் புரிந்துகொள்ள இசைப் பயிற்சியே வேண்டுவதில்லை. உங்கள் இல்லத்துக்கு ஊரிலிருந்து தொலைபேசி அழைப்பு வருகிறது. "ஏலே" என்று குரல் கேட்டால் திருநெல்வேலியிலிருந்து பேசுகின்றனர் என்றும், "ஏனுங்க" என்று கேட்டால் கோவைப் பக்கத்திலிருந்து பேசுகின்றனர் என்றும் உடனே உணர்கிறீர்கள். எழுத்துகள் எல்லார்க்கும் ஒன்றே. இழுக்கும் இழுப்பும் நிறுத்தும் நிறுத்தமும் ஊருக்கு ஊர் வேறு. பல ஊர்த் தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கக் கேட்டு வளரும் பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு இச்செவித்திறன் இயல்பாகவே வாய்த்திருக்கிறது. இராகத்தை இனங்காண உதவுவதும் இத்தகைய திறனே.

பெயர் அறியாதவரும் அறிந்தவரே

"இசை வகுப்புக்குச் செல்லாத பிள்ளைகளுக்கு இவ்விளையாட்டால் என்ன பயன்?" என்று சிலர் வினவுவர். விரைவையே அளவுகோலாகக் கொண்டால் அவர்கள் கூற்று உண்மையாகிவிடும். இசை கற்ற இருவர் மாறிமாறி விடையளிப்பர். ஏனையோர் தலைகுனிந்து அமர்ந்திருப்பர். நாளடைவில், "இது நமக்குரியது அன்று" என்று எண்ணிக் கேட்பதையே நிறுத்திவிடுவர். இவ்விளையாட்டால் நேரக்கூடிய பேரிழப்பு அதுவே.

வகுப்பில் நீலாம்பரி இராகத்தில் அமைந்த துணுக்கு ஒன்று ஒலிப்பதாகக் கொள்வோம். ஒரு மாணவி எழுந்து, "இதன் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால், என் பாட்டி தம்பியைத் தொட்டிலில் இட்டுப் பாடுவது போல் இருக்கிறது" என்று கூறுகிறாள். அவள் விடை தவறா? நீலாம்பரி தாலாட்டுக்கு உரிய இராகம் என்பது இசையுலகம் நன்கறிந்த செய்தி. பெயரை அவள் கூறவில்லையே தவிர, இராகத்தின் இயல்பைக் கண்டுகொண்டாள். அவளுக்கு மதிப்பெண் அளிக்காத போட்டி, செவியைச் சோதிக்கவில்லை, நினைவாற்றலையே சோதிக்கிறது.

பெயர்கள் காலந்தோறும் மாறுவதும் உண்டு. பழந்தமிழர் இராகத்தைப் பண் என்று வழங்கினர். தேவாரத்தில் மேகராகக்குறிஞ்சி என்னும் பண்ணில் அமைந்த பதிகங்களை இன்று ஓதுவார்கள் நீலாம்பரியில் பாடுகின்றனர். காந்தார பஞ்சமம் என்னும் பண்ணைக் கேதாரகௌளையில் பாடுகின்றனர். பெயர் என்பது இசைக்கு நாம் இட்ட அடையாளம், இசையே ஆகாது.

பொறி கூறாத விடை

"ஒரு பாடலை ஒலிக்கச் செய்தால் கைப்பேசிச் செயலியே அதன் பெயரைக் கூறிவிடுகிறதே, நாம் ஏன் செவியை வருத்த வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். ஷாசம் போன்ற செயலிகள், ஒலியின் அதிர்வெண் அமைப்பைத் தம்மிடம் சேமித்துள்ள பதிவுகளோடு ஒப்பிட்டு, "இது இன்ன பதிவு" என்று கூறுகின்றன. ஆலாபனையோ பாடகர் மேடையில் அப்போதைக்கப்போது கற்பனை செய்து பாடுவது. சற்று முன்னர் பிறந்த இசைக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்குரிய பதிவு ஏது? அவ்விடத்தில் செயலி திகைத்து நிற்கும். முன்பு கேட்டிராத ஆலாபனையைக் கேட்டு, முன்பு கேட்ட இராகத்தை அதில் கண்டுகொள்ளும் மனிதச் செவியே அங்குத் துணையாகும்.

இரு மொழியாரின் பொதுச்செல்வம்

இவ்விளையாட்டை நாம் கைவிடலாகாது என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கருநாடக இசையின் தொடக்கப் பாடங்களை மாயாமாளவகௌளை இராகத்தில் அமைத்துத் தந்தவர் கன்னடக் கவிஞராகிய புரந்தரதாசர் என்று மரபு கூறும். தமிழ்நாட்டுக் குழந்தைகளும் அவ்வரிசைகளைப் பாடியே இசை பயிலத் தொடங்குகின்றனர். 72 மேளங்களை வகுத்துக் காட்டிய வேங்கடமகி 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்தவர்; அவருடைய தந்தை கோவிந்த தீட்சிதர், தஞ்சை நாயக்க மன்னரிடம் அமைச்சராக விளங்கிய கன்னட மரபினர். ஏழு தந்தி வயலினால் புகழ்பெற்ற மைசூர் சௌடையா, தமிழ்நாட்டுப் பாடகர் பலருக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர். அவர் நினைவாக மல்லேசுவரம் பகுதியில் வயலின் வடிவிலேயே ஓர் அரங்கம் எழுப்பப்பட்டுள்ளது.

ஆகவே, தமிழ்த் திரைப்பாடல் ஒன்றில் பழகிய இராகத்தைக் கன்னடத் தாசர் பாடலில் கண்டுகொள்ளும் மாணவர், அயலார் வீட்டில் தம் உறவினரைக் கண்டது போன்ற மகிழ்ச்சியை அடைகிறார். பாடலின் மொழி முற்றும் விளங்காவிடினும், அதன் இராகம் அவருக்கு விளங்குகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு பேசுவதற்கு இதனினும் நல்ல தொடக்கம் வேறு யாது?

மூன்று விதிகள்

விளையாட்டைத் திருத்துவதற்கு மூன்று எளிய விதிகளை முன்மொழிகிறேன். முதலாவது, இசை ஏறி இறங்கி முடியும்வரை எவரும் வாய் திறத்தல் கூடாது. இரண்டாவது, பெயருக்கு ஒரு மதிப்பெண் எனில், காரணத்துக்கு மூன்று மதிப்பெண் அளித்தல் வேண்டும். "இச்சுரம் ஒலித்தது", "இன்ன பாடலை ஒத்திருக்கிறது", "இப்படி அசைந்து வந்தது" ஆகிய யாவும் காரணங்களே. மூன்றாவது, "தெரியவில்லை; மீண்டும் ஒருமுறை ஒலிக்கச் செய்யுங்கள்" என்று கேட்பவரை எவரும் நகைத்தல் கூடாது. மீண்டும் கேட்க விரும்புபவரே இசையை நாடி வந்தவர்.

இவ்விதிகளால் விளையாட்டின் விறுவிறுப்புக் குறையும் என்று சிலர் கருதக்கூடும். ஓரளவு குறையும் என்பதை நானும் ஒப்புகிறேன். ஆயினும், பத்து நொடியில் முடிந்துபோகும் போட்டி, பத்து நிமிட உரையாடலாக வளரும். ஒருவர் மட்டும் வெல்லும் விளையாட்டில் முப்பது பேரும் கேட்கத் தொடங்குவர்.

அடுத்த முறை உங்கள் கைப்பேசிக்கு ஓர் இசைத்துணுக்கு வந்தால், உடனே விடை அனுப்பாதீர்கள். கண்களை மூடி இருமுறை கேளுங்கள். இசை இறங்கி வரும் வழியைக் கவனியுங்கள். பின்னர், எந்த இராகம் என்பதோடு ஏன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.