மண்ணைக் கேட்டுக் குழி தோண்டுங்கள்!



நம்ம ஊர் மண் என்ன மண் என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட "கரிசல்" என்று சொல்லிவிடும். ஆனால் கரிசலில் எப்படி வீடு கட்டணும், எப்படிக் கழிப்பறைக் குழி தோண்டணும், எப்படிச் செடி வைக்கணும் என்று கேட்டால் பெரியவர்களே முழிக்கிறார்கள். செம்மண் ஊருக்குப் போடுகிற அதே வரைபடத்தை நமக்கும் போடுவது தப்பு என்பதே என் கருத்து.

முதலில் எங்க வீட்டுக் கதையைச் சொல்கிறேன். மானியத்தில் கழிப்பறை கட்டினோம். சித்திரை மாசம் குழி தோண்டினார்கள். ஒரு வாளி தண்ணீர் ஊற்றியதும் வெடிப்பு வழியாக மடமடவென்று இறங்கிவிட்டது. "நல்லா குடிக்குது, பயமில்ல" என்றார் கொத்தனார் மாமா. ஐப்பசியில் அடைமழை பெய்தது. குழி நிரம்பி, போன தண்ணீர் எதிர்த்து வந்தது! அந்த மழைக்காலம் முழுக்க அம்மாவும் அக்காவும் நானும் விடியுமுன்னே டார்ச் லைட்டோடு வேலிக்கருவைக் காட்டுப் பக்கம் போனோம். பாம்புக்குப் பயம், ஆளுக்குப் பயம். ராத்திரி தண்ணீர் குடிப்பதையே அக்கா நிறுத்திவிட்டாள்.

"கட்டிக் கொடுத்தாலும் இந்த ஜனங்க போக மாட்டாங்க" என்று சிலர் பேசுகிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. சோம்பேறித்தனமா காரணம்? மண்ணுக்கு ஒத்துவராத குழிதானே காரணம்!

கரிசலில் மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் தாது இருக்கிறது. அது தண்ணீரை இழுத்து உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். நானும் என் தோழியும் கோடை விடுமுறையில் சோதித்தோம். ஒரு அடி ஆழக் குழியில் முதல் வாளி உடனே இறங்கியது. இரண்டாம் வாளி மெதுவாக இறங்கியது. மறுநாள் காலையில் ஊற்றிய மூன்றாம் வாளி சாயங்காலம் வரை அப்படியே நின்றது. செம்மண் ஊரில் இருக்கும் சித்தி வீட்டிலும் இதேபோல் செய்தேன். அங்கே மூன்றாம் வாளியும் கொஞ்ச நேரத்தில் காணோம்! வெயில் காலத்தில் கேட்டால் கரிசல் பொய் சொல்லும். நன்றாக ஊற வைத்துத்தான் அதைக் கேட்கணும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கரிசலில் குழியைச் சுற்றி 30 செ.மீ. கனத்துக்கு மணலோ சரளையோ போடச் சொல்லி வழிகாட்டிகளே இருக்கின்றன. குழியையும் பெரிதாக எடுக்கணும். ஒன்று நிறைந்தால் இன்னொன்றுக்கு மாற்றுகிற மாதிரி இரண்டு குழி வேண்டும். எங்க அப்பா கடன் வாங்கி மணல் போட்டார். போன ஐப்பசியில் குழி பொங்கவில்லை. முதலிலேயே போட்டிருந்தால் இரட்டைச் செலவு இல்லையே!

வீட்டுச் சுவர் வெடிப்பதற்கும் இதே மண்தான் காரணம். "ஏட்டி, சரளை தட்டுற வரைக்கும் வானம் தோண்டணும்" என்பார் தாத்தா. அவர் சொல்வது சரிதான். மேலே உள்ள கரிசல்தான் வருசா வருசம் உப்பிச் சுருங்குகிறது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்காகவே அடியில் குடைபோல் விரிந்த தூண் அஸ்திவாரத்தை உருவாக்கியது. பெரிய செலவு செய்ய முடியாதவர்கள் ஒன்றாவது செய்யலாம். குளிக்கிற தண்ணீரைச் சுவரோரம் விடாதீர்கள். ஒரு பக்கம் மண் உப்பி, மறுபக்கம் காய்ந்தால் சுவர் வாய் பிளக்கத்தான் செய்யும். அந்தத் தண்ணீரைத் தள்ளிக் கொண்டுபோய் வாழைக்கோ கல்வாழைக்கோ விடுங்கள்.

நம் பள்ளித் தோட்டத்தில் முருங்கை அழுகிப்போனதும் இதனால்தான். பள்ளத்தில் வைத்தோம், வேரில் தண்ணீர் கட்டிவிட்டது. மேட்டுப்பாத்தி போட்டு, மணலும் தொழு உரமும் கலந்து வைத்தால் பிழைக்கும். கோடையில் காய்ந்த இலையை மூடாக்காகப் போட்டால் வெடிப்பு குறையும்.

கரிசலை நான் குறை சொல்லவில்லை. பருத்தி, உளுந்து, மல்லி, கம்பு எல்லாம் மானாவாரியாக விளைவது, மழைத் தண்ணீரை அது பிடித்து வைப்பதால்தானே? வயலுக்கு வரமான குணம், குழிக்குச் சிக்கலாகிறது. அவ்வளவுதான்.

ஆகவே கிராம சபையில் நம் பெற்றோர் ஒன்று கேட்க வேண்டும். குழி தோண்டுமுன் மண்ணை ஊற வைத்துச் சோதிக்கணும். கரிசல் என்றால் மணல் செலவையும் கணக்கில் சேர்க்கணும். சோதனைக்குத் தேவை ஒரு மண்வெட்டி, மூன்று வாளி தண்ணீர். எங்க அக்காவைப் போல் யாரும் தாகத்தோடு படுக்க வேண்டாம்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி