வீட்டில் வேண்டாம், களத்தில் இருக்கட்டும்

மலேசியாவில் ஏர்சாஃப்ட் துப்பாக்கியை வாங்கி வீட்டில் வைத்திருப்பவர் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 36ஆவது பிரிவு, போலித் துப்பாக்கிகளைத் தயாரிப்பதையும் விற்பதையும் வைத்திருப்பதையும் தடுக்கிறது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். சுடுவது 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுதானே என்ற சமாதானமெல்லாம் காவல் நிலையத்தில் எடுபடாது.

ஜப்பானிலும் பிலிப்பீன்ஸிலும் பிரிட்டனிலும் இதே பொருளை வைத்துக்கொண்டு நண்பர்கள் கூட்டமாக வார இறுதியில் விளையாடுகிறார்கள். அந்தக் காணொளிகளைக் கைப்பேசியில் பார்க்கும் பேராக் மாநிலத்துப் பீடோர், தாப்பா, சுங்காய் இளைஞர்களுக்கு எழும் கேள்வி நியாயமானது: அங்கே விளையாட்டாக இருப்பது இங்கே மட்டும் ஏன் குற்றம்?

பதிலைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1943 டிசம்பர் கடைசியில், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், பீடோருக்கு மேலே மலைக்காட்டிலிருந்த பிளாந்தான் முகாமில் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. ஒரு பக்கம் ஜான் டேவிஸ், ரிச்சர்ட் புரூம், லிம் போ செங் முதலிய, பிரிட்டிஷாரின் ஃபோர்ஸ் 136 ரகசியப் படையினர். மறுபக்கம் காட்டுக்குள் போராடிக்கொண்டிருந்த கம்யூனிஸ்டு கெரில்லாக்கள். பணமும் பயிற்சியும் ஆயுதமும் தருவதாகப் பிரிட்டிஷ் தரப்பு வாக்களித்தது. 1945இல் ஆயுதங்கள் பாராசூட்டில் வந்து இறங்கின. போர் முடிந்து கெரில்லாப் படை கலைக்கப்பட்டபோது அவற்றில் ஒரு பகுதி காட்டிலேயே பதுங்கிவிட்டது.

1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த மாதமே நாடு முழுவதும் அவசரகாலம் பிரகடனமானது. உரிமமில்லாத ஆயுதம் வைத்திருந்தவருக்குத் தூக்கு. பால்மரத் தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. காட்டோரக் குடிகள் புதுக்கிராமங்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். 1960 ஜூலை 31 வரை நீடித்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளின் பயம் ஆயுதச் சட்டத்தின் வரிகளுக்கிடையே இன்னும் இருக்கிறது. 1971இல் வந்த கூடுதல் தண்டனைச் சட்டம் அதை மேலும் இறுக்கியது. கொள்ளை போன்ற குற்றங்களின்போது போலித் துப்பாக்கியைக் காட்டி அச்சுறுத்தினாலே பத்தாண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு.

அந்தப் பயம் காலாவதியாகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. பொம்மைத் துப்பாக்கியைக் காட்டிக் கடையில் பணம் பறித்த செய்தி நம் நாளிதழ்களுக்குப் புதிதல்ல. கல்லாவில் நிற்கும் பெண்ணுக்கு அது பிளாஸ்டிக்கா இரும்பா என்று உரசிப் பார்க்கவா நேரமிருக்கிறது? காவலருக்கும் அதே கதிதான். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 2014 நவம்பர் 22ஆம் தேதி, பூங்காவில் ஏர்சாஃப்ட் துப்பாக்கியோடு நின்ற 12 வயதுச் சிறுவன் டமீர் ரைஸை, வந்து இறங்கிய சில விநாடிகளில் காவலர் ஒருவர் சுட்டார். மறுநாள் அவன் இறந்தான். பொம்மை என்பதைக் காட்டும் ஆரஞ்சு நிற முனை அந்தத் துப்பாக்கியில் இல்லை.

ஆக, தெருவில் போலித் துப்பாக்கி கூடாது என்பதில் சட்டத்தோடு சண்டை இல்லை. சண்டை ஓர் இடத்தில்தான். இந்தச் சட்டம் பொருளின் உருவத்தை மட்டும் பார்க்கிறது. அது யார் கையில், எந்த இடத்தில், எவ்வளவு வேகத்தில் சுடுகிறது என்பதைப் பார்ப்பதில்லை. வேகத்தைத் தீர்மானிப்பதோ பழுதுபார்க்கும் மேசை.

ஏர்சாஃப்டின் தாயகம் ஜப்பான். அசல் துப்பாக்கி கிட்டாத நாட்டில் அதன் நகலை வைத்து விளையாடும் பழக்கம் 1970களில் தோன்றியது. 1991இல் தோக்கியோ மருயி நிறுவனம் மின்மோட்டாரில் ஓடும் துப்பாக்கியை விற்பனைக்கு விட்டதும் விளையாட்டு உலகமெங்கும் பரவியது. உள்ளே இருப்பது எளிய பொறி. பேட்டரி மோட்டாரைச் சுழற்றும்; மூன்று பற்சக்கரங்கள் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து ஸ்பிரிங்கை அழுத்தும்; கடைசிச் சக்கரத்தில் பல் இல்லாத பகுதி வந்ததும் பிஸ்டன் விடுபட்டு முன்னால் பாய்ந்து காற்றைத் தள்ளும்; காற்று குண்டைத் தள்ளும். குழலின் பின்முனையில் ஒரு சிறு ரப்பர் புடைப்பு குண்டின் மேற்புறத்தை உரசிப் பின்சுழற்சி கொடுப்பதால் குண்டு தாழாமல் தூரம் போகிறது.

இந்தப் பொறி அடிக்கடி கெடும். கெடுவதுதான் அதன் ருசி என்று சொல்பவர்களும் உண்டு. விசையை அழுத்தினால் மோட்டார் கீச்சென்று கத்தி, குண்டு வராவிட்டால் பிஸ்டனின் பற்கள் தேய்ந்து போயிருக்கும். சத்தம் சரியாக இருந்து குண்டு பாதி தூரத்தில் விழுந்தால் பிஸ்டன் தலையிலுள்ள ஓ-ரிங் காற்றை விடுகிறது என்று பொருள். காற்று வெளிவரும் முனையை விரலால் அடைத்து பிஸ்டனைத் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும்: நல்ல ஓ-ரிங் என்றால் பிஸ்டன் திமிறி நிற்கும், கெட்டதென்றால் வழுக்கிக்கொண்டு போகும். இந்தப் பற்சக்கரங்கள் அடங்கிய கியர்பாக்ஸைத் திறப்பதில் ஒரு நெளிவுசுளிவு இருக்கிறது. திருகுகளைக் கழற்றி மேல் உறையை அப்படியே தூக்கினால் ஸ்பிரிங் துள்ளிப் பாயும். சின்ன வாஷர்கள் அறையெங்கும் சிதறும். விவரம் தெரிந்தவர் பின்புறத் துளை வழியாக நீளமான ஸ்க்ரூட்ரைவரை ஸ்பிரிங்குக்குள் விட்டு, ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் உறையைத் திறப்பார். இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை இது. நட்பு வளர்வது களத்தைவிட இந்த மேசையில்தான் அதிகம்.

ஆபத்தும் இதே மேசையில்தான் பிறக்கிறது. எம்100 என்ற ஸ்பிரிங் 0.2 கிராம் குண்டை விநாடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் வேகத்தில் தள்ளும். ஆற்றல் 1 ஜூல். அதைக் கழற்றிவிட்டு எம்150 மாட்டினால் வேகம் ஒன்றரை மடங்கு, ஆற்றலோ 2.25 ஜூல், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். வெளித் தோற்றத்தில் ஒரு மாற்றமும் தெரியாது.

ஜப்பானுக்கு இது அனுபவத்தில் புரிந்தது. இப்படி வலுவேற்றிய துப்பாக்கிகளால் நெடுஞ்சாலையில் ஓடும் கார்களைச் சுட்ட சம்பவங்கள் 2005இல் நடந்தன. மறு ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு, 6 மில்லிமீட்டர் குண்டுக்கு 0.98 ஜூல் என்ற உச்சவரம்பு வந்தது. விளையாட்டு நிற்கவில்லை, வரம்பு மீறிய துப்பாக்கிதான் குற்றப்பொருளானது. பிலிப்பீன்ஸின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 1982இல் மார்கோஸ் ஆட்சி துப்பாக்கி நகல்களைத் தடை செய்தது. பிறகு 2000களில் அந்நாட்டுக் காவல்துறையே ஏர்சாஃப்டுக்கு விதிகள் எழுதி முறைப்படுத்தியது. பிரிட்டனில் 2007 முதல் அசல் போலத் தோன்றும் நகல்களை விற்பதற்குத் தடை உண்டு. காப்பீடு எடுத்த களத்தில் முறையாக விளையாடுபவருக்கு விலக்கும் உண்டு.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாடே ஒரு வழியை ஏற்கெனவே திறந்து வைத்திருக்கிறது. காவல்துறை அனுமதியோடு பெயிண்ட்பால் களங்கள் இங்கே நடக்கின்றன. லங்காவியில் ஆசிய அளவிலான பெயிண்ட்பால் உலகக் கோப்பைப் போட்டிகளே நடந்திருக்கின்றன. பெயிண்ட்பால் குண்டு ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் விட்டமும் 3 கிராம் எடையும் உள்ளது. விநாடிக்கு 90 மீட்டர் வேகத்தில் அது சுமக்கும் ஆற்றல் 12 ஜூல். பட்டதும் உடைந்து சிதறுவதால் அதன் அடி பரவிவிடுகிறது என்பது உண்மை. ஆனாலும் 12 ஜூலுக்குக் கதவைத் திறந்துவிட்டு 1 ஜூலுக்குச் சாத்துவதற்கு ஆற்றல் காரணமாக இருக்க முடியாது. அசல் காற்றுத் துப்பாக்கிக்கும் விளையாட்டில் இடம் இருக்கிறது. நூர் சூர்யானி முகமது தைபி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் நின்றபோது நாடே பெருமைப்பட்டது.

பெயிண்ட்பால் களத்தின் பலமே அதன் கிடங்கும் பராமரிப்பு மேசையும்தான். “அண்ணே, காத்து இறங்குது” என்று ஒரு பையன் துப்பாக்கியைக் கொண்டுவந்து நீட்டுவான். பராமரிப்பாளர் காதருகே பிடித்துக் கேட்பார். சோப்புத் தண்ணீரைத் தடவினால் கொப்புளம் கிளம்பும் இடத்தில் கசிவு. காற்றுக் குப்பியைக் கழற்றி, மிச்சக் காற்றை வெளியேற்றி, வெட்டுப்பட்ட ஓ-ரிங்கை ஊசியால் நெம்பி எடுத்துப் புதிதை மாட்டி, எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் திருப்பிக் கொடுப்பார். திருப்பிக் கொடுக்கும் முன் வேகமானியில் சுட்டுப் பார்ப்பது ஒழுங்கான களத்தின் வழக்கம். துப்பாக்கி யார் வீட்டுக்கும் போவதில்லை.

ஏர்சாஃப்டுக்கும் இந்த ஏற்பாடு போதும். துப்பாக்கிகள் களத்தின் சொத்தாக, எண் பொறித்து, பூட்டிய கிடங்கில் இருக்கட்டும். ஆற்றலுக்கு 1 ஜூல் வரம்பு. கண்ணும் முகமும் மறையும் கவசம் இல்லாமல் யாரும் களத்துக்குள் போகக்கூடாது. ஸ்பிரிங்கை மாற்றும் அதிகாரம் உரிமம் பெற்ற பராமரிப்பாளர் ஒருவருக்கு மட்டும். எந்தத் துப்பாக்கியில் என்று எந்த ஸ்பிரிங் மாட்டினார், வேகம் எவ்வளவு காட்டியது என்பதற்குப் பதிவேடு. வண்டிப் பட்டறைக்கும் மின்கம்பி வேலைக்கும் சான்றிதழ் கேட்கிற நாட்டில் இது அதிசயமான கோரிக்கை அல்ல. மண்ணில் மக்காத பிளாஸ்டிக் குண்டுகளை மட்டும் முதல் நாளே விலக்கிவிட வேண்டும். செம்பனை வரிசைகளுக்கிடையே கிடக்கும் வெள்ளைக் குண்டுகளைப் பிறகு யார் பொறுக்குவது?

காவல்துறைக்கு இருக்கிற வேலை போதாதா என்று சிலர் கேட்பார்கள். ஆனால் தடை இருக்கும்போதும் வேலை இருக்கத்தான் செய்கிறது. நீரில் ஊறும் ஜெல் உருண்டையைச் சுடும் துப்பாக்கிகள் சில ஆண்டுகளுக்கு முன் இணையக் கடைகளில் எவ்வளவு எளிதாகக் கிடைத்தன என்பது பெற்றோருக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவில் அவற்றைத் தென் ஆஸ்திரேலிய மாநிலம் 2020இல் அசல் துப்பாக்கிச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. குவீன்ஸ்லாந்து 2021இல் பொது இடத்தில் மறைத்து எடுத்துச் செல்ல வேண்டும் என்ற விதியோடு அனுமதித்தது. ஒரே நாட்டில் இரண்டு வழி. இரண்டிலும் வாங்குபவனுக்குத் தன் நிலை தெரியும். இங்கே பொட்டலம் வீட்டுக்கு வந்து, உள்ளிருந்த துப்பாக்கி உடைந்து, அதைத் திருத்த ஆளும் உதிரிப் பாகமும் தேடும்போதுதான் பலருக்கு இது குற்றம் என்றே தெரிய வருகிறது. அப்போது அது குப்பைக்குப் போகிறது. அல்லது யாரோ ஒருவர் ரகசியமாகத் திருத்திக் கொடுக்கிறார். எந்த ஸ்பிரிங் மாட்டினார் என்று கேட்க ஆளில்லை.

பீடோர் போன்ற ஊருக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பழுதுபார்த்தே விளையாடியவர்கள். கொய்யாக் கிளையில் நல்ல கவையாகப் பார்த்து வெட்டி, தோல் சீவி, சைக்கிள் டியூபை ஒரே அகலத்தில் நறுக்கிக் கட்டினால் லாஸ்திக் என்ற கவண். டியூப் வெயிலில் வெடித்தால் அந்தப் பக்கத்தை மட்டும் அவிழ்த்துப் புதிதாகக் கட்டுவார்கள். கல் வைக்கும் தோல் பழைய சப்பாத்தின் நாக்கிலிருந்து வரும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயம் காலியானது, குடும்பங்கள் டவுனுக்கு இறங்கின. அந்தக் கைவேலைக்கு இன்று பள்ளியில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. ஈப்போவில் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. பற்சக்கரம், காற்றழுத்தம், லித்தியம் பேட்டரி, சாலிடர் என்று ஏர்சாஃப்ட் கியர்பாக்ஸ் ஒன்றுக்குள் இருக்கும் பாடங்கள் பதினேழு வயதுப் பையனைத் தானாக உட்கார வைக்கும். பாடநூலில் அதே பக்கங்களைத் திருப்ப அவனைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

உள்துறை அமைச்சும் காவல்துறையும் நாடு முழுவதற்கும் இன்றே முடிவெடுக்க வேண்டியதில்லை. பேராக்கில் ஏற்கெனவே அனுமதியோடு நடக்கும் பெயிண்ட்பால் களம் ஒன்றைத் தேர்ந்து, இரண்டாண்டு வெள்ளோட்டம் விடலாம். பதிவேட்டை மாவட்டக் காவல் தலைமையகம் மாதம் ஒருமுறை சரிபார்க்கட்டும். பராமரிப்பாளர் பயிற்சியைத் தொழிற்பயிற்சிக் கழகம் ஏற்கட்டும். இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சு மேற்பார்வை பார்க்கட்டும். ஒரு துப்பாக்கி கிடங்கிலிருந்து காணாமல் போனாலோ, ஒன்று வரம்பை மீறிச் சுட்டாலோ உரிமத்தை அன்றைக்கே ரத்து செய்யலாம். அப்படி எதுவும் நடக்காவிட்டால் தாப்பாவும் கம்பாரும் விண்ணப்பப் பாரம் கேட்கும். அதை அப்போது அச்சடித்துக்கொள்ளலாம்.