திரும்பி வரும் என்னும் அச்சம்

இலக்கியக் கூட்டம் எதற்குப் போனாலும் யாராவது ஒருவர் வர்ஜீனியா வுல்ஃபை இழுத்துவிடுகிறார். மனச்சோர்வு இல்லாமல் மகத்தான எழுத்து இல்லை என்பார். அரங்கம் தலையாட்டும். இந்த மடமையை இன்னும் எத்தனை காலம் சுமக்கப்போகிறோம்?

1895-ல் தாயை இழந்தபோது வுல்ஃபுக்கு வயது 13. அப்போது வந்தது முதல் முறிவு. 1904-ல் தந்தை இறந்தபின் மீண்டும். 1913 முதல் 1915 வரை மிகக் கடுமையாக. ஒவ்வொரு முறையும் அவர் மீண்டார். 'மிஸஸ் டாலோவே' (1925), 'டு த லைட்ஹவுஸ்' (1927), 'த வேவ்ஸ்' (1931) ஆகிய மூன்றும் அந்த மீட்சிக்குப் பின் வந்தவை. நோய் எழுதவில்லை ஐயா, நோயிலிருந்து எழுந்து உட்கார்ந்தவர் எழுதினார்.

1941 மார்ச்சில், மறுபடியும் அது வருகிறது, இம்முறை மீளமாட்டோம் என்று அவர் உறுதியாக நம்பினார். அதுவரை மீண்டு வந்த வரலாறு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. நோயோடு சேர்ந்து, நோய் சொன்ன ஆரூடமும் அவரைக் கொண்டுபோயிற்று. அவர் காலத்து மருத்துவரிடம் இருந்தவை பெரும்பாலும் ஓய்வும் பாலும் தூக்கமருந்தும்தான். லித்தியத்தின் பயனை ஜான் கேட் வெளியிட்டதே 1949-ல்.

மும்முறை அந்தக் கிணற்றின் அடியைப் பார்த்தவன் நான். ஓரிரவு தூக்கம் கெட்டால் போதும், 'வந்துவிட்டதா?' என்று மனம் துழாவத் தொடங்கிவிடும். இந்த அச்சம் ஆதாரமற்றதல்ல. முதல்முறை குணமானவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மனச்சோர்வு திரும்புகிறது. ஆனால், திரும்பக்கூடும் என்பது வேறு, திரும்பினால் மீட்சியில்லை என்பது வேறு. முன்னது தகவல், பின்னது நோயின் குரல். மூன்றோ அதற்கு மேலோ முறை பாதிக்கப்பட்டவர்களிடம், எண்ணத்தை எண்ணமாக மட்டுமே பார்க்கப் பழக்கும் சிகிச்சை மறுதாக்கத்தைக் கணிசமாகக் குறைத்ததை 2000-ல் டீஸ்டேல், சீகல், வில்லியம்ஸ் குழுவினர் காட்டினர்.

மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நான் நிறுத்துவதில்லை. அதிகாலை மூன்று மணி விழிப்பு, எடுக்கப்படாத தொலைபேசி, ஒரே பக்கத்தில் நிற்கும் புத்தகம் என்று என் முன்னறிகுறிகளை எழுதி மனைவியிடம் கொடுத்திருக்கிறேன். நான் மறைத்தாலும் அவள் கேட்பாள். பயம் போய்விடவில்லை, ஆனால் அதனோடு நான் தனியாக இல்லை.

துயரமே மேதைமை என்று மேடையில் முழங்குபவர்களுக்கு ஒரு கேள்வி. உங்களுக்குக் கைதட்டிய கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து ஓர் இளைஞன் வீடு திரும்பி, எழுத்து வற்றிவிடுமென்று அஞ்சித் தன் மாத்திரைகளைக் குப்பையில் கொட்டினால், அதற்கு யார் பொறுப்பு?