இழைக்கு உண்டு சோதனை, இரும்புக்கு?

தோழனே! ஆரணிக்கு வந்து பார். நெய்து முடித்த பட்டுச் சேலையை நெசவாளி கொண்டுவந்து தருகிறான். விரித்துப் பார்க்கிறார்கள், நிறுத்துப் பார்க்கிறார்கள். இழையொன்று அறுந்திருந்தால் கூலியிலே பிடித்தம்! சேலைப் பழுதால் செத்தவர் உண்டோ? இல்லை. ஆயினும் சோதனை!

ரயில் பாலத்துக்கு வந்திறங்கும் இரும்புக்கு இந்தக் கண்டிப்பு உண்டோ?

ஸ்காட்லாந்திலே டே ஆற்றின்மீது 1878-இல் ஒரு ரயில் பாலத்தைத் திறந்தார்கள். கட்டிய பொறியாளர் தாமஸ் பௌச்சுக்கு விக்டோரியா அரசியார் சர் பட்டம் சூட்டினார். 1879 டிசம்பர் 28, புயல் இரவு. நடுப்பாலம் ரயிலோடு ஆற்றிலே வீழ்ந்தது. பயணம் செய்தோரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

விசாரணையிலே வெளிவந்ததைக் கேள்! வார்ப்பிரும்புத் தூண்களிலே துளைகள். பழுதான வார்ப்பை உடைத்தெறிந்தார்களா? தேன்மெழுகு, குங்கிலியம், இரும்புத்தூள், விளக்குக்கரி நான்கையும் குழைத்துத் துளையை அடைத்தார்கள். 'பியூமாண்டின் முட்டை' என்று அதற்கொரு செல்லப்பெயர் வேறு! காற்றின் வேகத்தைக் கணக்கிடாத குற்றமும் சேர்ந்தது. பாலத்தைப் பராமரிக்க அமர்த்தப்பட்டவரோ கொத்து வேலை அறிந்தவர்; இரும்பை அறியாதவர்.

பழங்கதை, அயல்நாட்டுக் கதை என்பாய். பாம்பனுக்கு வா! புதிய பாலத்தை 2024 நவம்பரில் ஆராய்ந்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர், திட்டமிடுதல் முதற்கொண்டே குறைகள் என்றார். இரும்பிலே அரிப்பு தொடங்கிவிட்டது என்றார். ரயில்வேயின் சொந்தத் தர அமைப்பே விலக்கி வைக்கப்பட்டது என்றார். எதிர்க்கட்சிக்காரன் பேச்சல்ல, தோழனே. ஒன்றிய அரசின் அதிகாரி எழுதியது! வெளிநாட்டு நிறுவனம் வடிவமைத்தது, ஐ.ஐ.டி.கள் சரிபார்த்தன என்றது ரயில்வே வாரியம். பிறகு ஐவர் குழு அமைத்தது. கட்டுமுன் கூப்பிட வேண்டியவர்களைக் கட்டியபின் தேடினார்கள்! 2025 ஏப்ரல் 6-இல் திறப்பு விழாவும் நடந்தது.

நமக்கேன் இந்தக் கவலை? ஆரணிக்கு வாய்த்தது களம்பூரிலுள்ள 'ஆரணி சாலை' நிலையம்; ஊருக்கு நிலையமில்லை, பெயருக்குத்தான் நிலையம். ஆரணி வழியே செல்லவேண்டிய திண்டிவனம் - நகரி பாதைக்கு 2006-07-இல் அனுமதி கிடைத்தது. ஏறத்தாழ 180 கிலோமீட்டர். எத்தனை தூண்கள், எத்தனை பாலங்கள் எழவேண்டும்!

பாதையைக் கேட்போம், அதோடு இன்னொன்றும் கேட்போம். எந்தச் சரக்கு வந்தது, எவர் சோதித்தார், எது திருப்பி அனுப்பப்பட்டது, ஏற்றுக் கையெழுத்திட்ட அதிகாரி யார் என்ற பதிவேடு தமிழிலே, பணி நடக்கும் ஊர்தோறும் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். பழுதுச் சரக்கைப் பெற்றுக்கொண்டவர் சம்பளத்திலும் விழட்டும் பிடித்தம். அடுத்த கூட்டத்திலே இதையே தீர்மானமாக்கி அனுப்பு!